கால்நடை மந்திரி

சீனக்குடாவில் குஞ்சித்தம்பியைத் தெரியாத ஆள் இல்லை. அப்படி ஒருவர் வந்துவிட்டால் குஞ்சித்தம்பியே போய்த் தன்னைப் பற்றிச் சொல்லிவிடுவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். செருப்பில்லாத காலோடு ஊரார் ஆட்டை மேய்த்து, முள்ளும் கிளிஞ்சலும் மிதித்து, இன்றைக்கு ஒரு பட்டி செம்மறிக்கும் ஒரு முச்சக்கர வண்டிக்கும் சொந்தக்காரர். எவருடைய கையையும் பிடித்து ஏறியவரில்லை. தன் பட்டியில் குறையென்று ஒன்றை அவர் சொல்லி எவரும் கேட்டதில்லை. மழைக்கு ஆடு இருமினால், பாடுகிறது என்பார்.

பட்டியின் தலைமகன் ஒரு கடா. பெயர் மந்திரி. மந்திரி என்றால் வாகனத்தில்தானே போகவேண்டும்? மற்ற ஆடுகள் தெருவோரமாக நடக்க, பின்னால் ஊர்ந்துவரும் வண்டியில் மந்திரி தலையை வெளியே நீட்டியபடி மேய்ச்சலுக்குப் போகும். இறங்கினால் சதுப்பு நிலத்து மெத்தைப் புல், ஏறினால் ரப்பர் விரிப்பு. தன் கால் பட்ட பாடு தன் கடாவின் கால் படக்கூடாது என்பது குஞ்சித்தம்பியின் வைராக்கியம். கலியாணம் முடித்த நாளிலிருந்து பஸ்ஸுக்கு நடந்தே போகும் மனைவி ராசமலர், அடுத்த பிறப்பில் செம்மறியாகப் பிறந்து இந்த மனுசனிடமே வரப்போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

கிண்ணியாவிலிருந்து மஹ்ரூப் வந்தார். ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துக் குர்பான் கொடுக்க ஒவ்வொரு வருடமும் இங்கேதான் ஆடு எடுப்பவர். இந்த முறை அவர் கண் மந்திரியில் விழுந்தது. இதைப் போல் ஒன்று மாவட்டத்திலேயே கிடையாது என்று குஞ்சித்தம்பி நெஞ்சை நிமிர்த்தி, பெருநாளுக்கு அதையே தருவதாக வாக்குக் கொடுத்தார்.

பெருநாளுக்குச் சில கிழமை இருக்கையில் மந்திரி முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. நொண்டும் ஆடு குர்பானுக்கு ஆகாது. கடா நொண்டினால் கொடுத்த வாக்கும் சேர்ந்து நொண்டும். முதலில் அதை ராசநடை என்று சொல்லிப் பார்த்தார். பிறகு மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிப் பார்த்தார். கடைசியில், சும்மா ஒரு பார்வைக்கு என்று சொல்லி மிருக வைத்தியர் மதிவதனாவைக் கூப்பிட்டார்.

அவள் மந்திரியைப் பிட்டத்தில் இருத்திக் காலைத் தூக்கினாள். குளம்பின் ஓரம் வளர்ந்து அடியில் சுருண்டிருந்தது. அந்த மடிப்புக்குள் சேறும் புழுக்கையும் அடைந்து அழுகி மணத்தது. வளர்ந்ததை வெட்டி, கழுவி, மருந்து போட்டாள்.

"ஐயா, இந்தக் குளம்பு கொஞ்சமும் தேயேல்லையே. இது நடக்கிறதே இல்லையோ?"

"மந்திரி நடக்கிறேல்லைப் பிள்ளை. வாகனம்தான்."

மதிவதனா கத்தரியைக் கீழே வைத்தாள். "கால்நடை எண்டு பேர் வைச்சதே காலால நடக்கிறதுக்குத்தான் ஐயா. குளம்பும் நகம் மாதிரி. கல்லுத்தரையில நடந்தால்தான் தேயும். காயம் ஆறினதும் நடத்துங்கோ. ஈரத்தில விடாதேங்கோ."

அவள் போனதும், இதைத்தான் தானும் நினைத்ததாக ராசமலரிடம் சொன்னார்.

காயம் ஆறியது. ஆனால் மந்திரி நடக்கவேண்டுமே! வண்டியைக் கண்டால் ஏறப் பார்க்கும், காணாவிட்டால் படுத்துவிடும். வேறு வழியில்லாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குஞ்சித்தம்பியே முன்னால் நடந்தார். நடையை மறந்து எத்தனையோ வருடம். கௌரவத்துக்கு வாங்கிய புதுத் தோல் செருப்பு முதல் நாளே குதிக்காலைக் கடித்துவிட்டது. பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்கள், மந்திரிக்குப் பாதுகாப்பு ஒரு ஆள்தானா என்று விசாரித்தார்கள்.

கடாவின் கால் நேராக நேராக, அவருடைய கால் கோணியது. அவர் நோவுக்கு மதகில் குந்தும்போதெல்லாம் மந்திரியும் பக்கத்தில் படுத்து அசைபோடும். அவர் தான் முன்னேறிய கதையைத் தொடங்குவார். முள்ளு மிதித்த காலத்திலிருந்து வண்டி வாங்கிய நாள்வரை கேட்டு, இடையில் எழும்பிப் போகாத ஒரே பிறவி அவர் வாழ்க்கையில் மந்திரிதான்.

பெருநாள் நெருங்கியது. மந்திரியின் நடையைக் காட்டவேண்டும் என்பதற்காக வண்டியைக் கிண்ணியாப் பாலத்தடியில் விட்டுவிட்டு, கடாவோடு பாலத்தை நடந்தே கடந்தார். மறுகரையில் கடைவாசலில் நின்ற மஹ்ரூப், நிமிர்ந்து வரும் கடாவையும் நொண்டி வரும் குஞ்சித்தம்பியையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மாஷா அல்லாஹ். நடை நல்லாரிக்கு அண்ணன்."

குஞ்சித்தம்பி வாயைத் திறந்தார். அந்த வாயில் என்றைக்கும் வராத சொல் வந்தது.

"இல்லைத் தம்பி. நொண்டுது."

மஹ்ரூப் கடாவைக் கடை வாசலில் மேலும் கீழும் நடத்திப் பார்த்தார். பட்டாளத்துக்காரனைப் போல் நடந்தது.

"எங்க அண்ணன் நொண்டுது?"

"உள்ளுக்குள்ள நொண்டுது. அது உங்களுக்கு விளங்காது. பிறந்த நாளிலயிருந்து ஆட்டோட நிண்டவனுக்குத்தான் விளங்கும்."

மஹ்ரூப், குஞ்சித்தம்பியின் மணிக்கட்டில் இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

"ஓம் அண்ணன், இப்பதான் தெரியுது. நொண்டி ஆடு குர்பானுக்கு ஆகாது. வேற ஒண்டு தாங்க."

"வேற எதை எடுத்தாலும் குறை கண்டுபிடிக்க ஏலாது," என்றார் குஞ்சித்தம்பி. குரல் பழையபடி ஏறியிருந்தது.

திரும்பும்போது செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பாலத்தைக் கடந்தார். வண்டியைக் கண்டதும் மந்திரி பழைய உரிமையோடு முன்னங்கால்களை ஆசனத்தில் வைத்தது. அதை இறக்கிவிட்டு அவர் மட்டும் ஏறினார். ஒரு கையில் கயிறு, மறுகையில் வண்டி. மந்திரி பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வர, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

வாசல் படலையில் நின்ற ராசமலர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "என்னப்பா, மந்திரிக்குப் பதவி போயிட்டுதோ?"

"பதவி போகேல்லை," என்றார், நொண்டிக்கொண்டு இறங்கியபடி. "காலால நடக்கிற மந்திரி இலங்கையிலயே என்னட்ட மட்டும்தான் இருக்கு."