சித்தி வீட்டு முகவரி

மூன்று கம்பெனிகள் என் பயோடேட்டாவை வாங்கி, முகவரியைப் பார்த்ததும் ஓரமாக வைத்துவிட்டன. "எர்ணாவூரா? ஹவுசிங் போர்டு வீடா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். நான் வாங்கிய பி.காம். பட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மாதான் வழி சொன்னாள். "நம்ம அட்ரஸ போட்டா எவனும் கூப்புட மாட்டான். சித்தி வூட்டு அட்ரஸ போடு. முகப்பேருன்னா ஒரு மருவாதி கீது."

போட்டேன். நான்காவதாக ஒரு கண்டெய்னர் யார்டிலிருந்து அழைப்பு வந்தது. அந்த யார்டு எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் விழுந்து விழுந்து படித்தேன். ஏற்றுமதிக் காகிதங்களோடு முகப்பேரையும் மனப்பாடம் செய்தேன், எந்த பஸ், எந்தக் கோயில், எந்தப் பூங்கா என்று. கண்ணாடி முன் நின்று 'கீது' வராமல் பேசிப் பழகினேன். அம்மா அதிகாரியாக உட்கார்ந்து, "உன்ன பத்தி சொல்லும்மா" என்பாள். நான் ஆரம்பித்ததும் சிரித்துவிடுவாள்.

நேர்காணலில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மேலாளருக்கு என்னைப் பிடித்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. கடைசியாக முகவரியைப் பார்த்தார்.

"முகப்பேர்லேர்ந்து டெய்லி எப்படிம்மா வருவீங்க? காலைல ஆறு மணி ஷிஃப்ட். ரோடு பூரா டிரெய்லர் நிக்கும். போன தடவை எடுத்த ரெண்டு பேரும் தூரம்னு நின்னுட்டாங்க. எர்ணாவூர், திருவொற்றியூர் பக்கம் யாராச்சும் கிடைச்சா எடுக்கலாம்னு இருக்கோம்."

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அவர்களுடைய கிரேன் தெரியும். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எழுதிக் கொடுத்ததே பொய் என்று எப்படிச் சொல்வது? "சமாளிச்சிடுவேன் சார்" என்றேன், பழகி வைத்திருந்த பேச்சில்.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். இருபது நிமிடத்தில் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். இனிமேல் எந்த முகவரியைப் போடுவது என்று தெரியவில்லை. படித்ததே வீண் என்று தோன்றியது. இன்றைக்கும் அவ்வப்போது தோன்றுகிறது.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னா, அட்ரஸ் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றாள். சந்தோஷமாக எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.