குத்தகை முடிந்த கல்லறை

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் நடக்கிறேன். ஒரு கல்லில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கிறது: கல்லறை நிலத்தின் குத்தகை முடிந்துவிட்டது, யாரும் நீட்டிக்காவிட்டால் கல் அகற்றப்படும். பால்கன் பக்கத்துப் பெயர். கீழே 'வழக்கறிஞர், அரசு அதிகாரி' என்று மட்டும்.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற தோட்டக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். என் தமிழைக் கேட்டதும் பேசத் தொடங்குகிறார்.

"இவர் தன்ர ஊரில துவக்கோட மலையில திரிஞ்ச புரட்சிக்காரன், தம்பி. இஞ்ச வந்து சட்டம் படிச்சு, பிறகு அகதிக் கந்தோரில இருந்தவர். என்ர அன்ட்ராக்கை, அகதி விண்ணப்பத்தை, அவர்தான் பாத்தவர்."

"ஏத்துக்கிட்டாரா அண்ணா?"

"இல்லை, நிராகரிச்சவர். சட்டப்படி ஏலாது எண்டார். பிறகு எழும்பி வாசல் வரைக்கும் வந்து, அப்பீல் எப்பிடி எழுதுறதெண்டு சொல்லித்தந்தார். அதிலதான் வெண்டனான்."

மஞ்சள் காகிதத்தை ஒட்டியதும் இவர்தான். அது இவர் வேலை. ஒட்டிய கையோடு, குத்தகையை நீட்டிக்கச் சொல்லி இவரே விண்ணப்பமும் போட்டிருக்கிறார்.

"உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல என்ன எழுதுனீங்க?"

பூவாளியைக் கீழே வைக்கிறார்.

"அவர் நிராகரிச்ச ஆள் எண்டு."