கை சொன்ன பதம்

காத்திவாக்கம் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, சேற்றைத் தடவியே இறால் பிடித்தவர் லூர்து. அதற்கு அவருக்குக் கண் வேண்டியதில்லை; விரல் போதும். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இறால் அற்றுப்போன பின், அந்தக் கையோடுதான் திருவொற்றியூர் மரவள்ளி மாவு ஆலையில் சேர்ந்தார்.

அங்கே தயாராவது லேசில் செரிக்காத மாவு, சர்க்கரை நோயாளிகளுக்கானது. மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, அறுபது டிகிரிக்கு ஆறவிட்டு நொதியை ஊற்றுவார்கள். கஞ்சி இளகிவிடும். அப்புறம் குளிர் அறையில் உறைய வைத்தால் குடலுக்கு மசியாது. ஊற்றும்போது சூடு மிஞ்சினாலோ நொதி செத்துப்போகும்.

மறுநாள் வாங்குபவர்களுக்கு மாவின் மாதிரிப் பொட்டலம் போயாக வேண்டும். போகாவிட்டால் ஆலைக்குப் பூட்டு என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்று பார்த்து வெப்பமானி உடைந்தது.

"புதுசு வர்ற வரிக்கும் நிறுத்தலாம்ண்ணே," என்றாள் ஆய்வகத்துச் செங்கொடி.

"இன்னாத்துக்கு? கை கீது. இறால் ஆணா பொட்டையான்னே சொல்ற கைம்மா இது!"

அவள் சிரித்துவிட்டாள். எத்தனையோ முறை அந்தக் கை சரியாகச் சொல்லியிருக்கிறது. கஞ்சிக் கொப்பரையின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்ததும் கை தானாக விலகினால் சூடு அதிகம்; ஒன்று எண்ணும்வரை தாங்கினால் பதம். லூர்து மூன்று வரை எண்ணினார்.

"நல்லாவே ஆறிட்ச்சு. ஊத்து."

இருந்த ஒரே நொதிப் புட்டியையும் ஊற்றினாள். அரை மணி கழித்துக் கரண்டியை விட்டால், கஞ்சி சுவரொட்டிப் பசை மாதிரி அப்படியே நின்றது.

"செத்துட்ச்சுண்ணே," என்றவள் அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"இப்டி வெந்துகீதே, வலிக்கலையா?"

"இல்லம்மா."

"எத்தினி நாளா இப்டி?"

"போன மழைலேர்ந்து. வலை பின்ன ஒக்காந்தா வெரலுக்கு நூலே தெரியல. பத்து வருஷமா சக்கரை, கை மரத்துட்ச்சு. சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு..."

"அதுக்கு? எல்லாரையுமே அனுப்பிட்டியேண்ணே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவளோ அழுதுகொண்டே ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, கையை அதில் முக்கச் சொன்னாள்.

முதலாளி வந்து கொப்பரையை எட்டிப் பார்த்தார். ஆலையின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்.

லூர்து வாளியருகே குந்தியிருந்தார். கை தண்ணீருக்குள்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.