முதலாளியின் நிய்யத்து

இருபத்திரண்டு வருடம் ஒரு புடவைக் கடையில் நின்றேன். இருந்தேன் என்று எழுத முடியாது. காத்தான்குடியில் நான் வேலை செய்த கடையில் வேலையாள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. காலையிலிருந்து இரவு வரை நிற்பது, துணி விரிப்பது, மடிப்பது, கொழும்பிலிருந்து லொறியில் வரும் துணிப் பேல்களைத் தோளில் தூக்கி மேல்மாடிக்கு ஏற்றுவது. பெருநாள் நெருங்கினால் சாப்பாட்டுக்குக்கூட நேரம் இராது. அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. நாங்கள் ஹாஜியார் என்று கூப்பிடும் முதலாளி, வாடிக்கையாளர்கள் முன்னால் என் தோளில் கையைப் போட்டு, "இவன் வேலையாள் இல்ல, நம்மட ஊட்டுப் புள்ள" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். சரியான மடையன் நான்.

ஒருநாள் பேல் ஒன்றோடு படியில் ஏறும்போது இடுப்பில் 'டக்' என்றது. அதற்குப் பிறகு இடது காலை என்னால் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முள்ளந்தண்டில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். ஆறேழு மாதம் பாரம் தூக்கக் கூடாது, நெடுநேரம் நிற்கவும் கூடாது. நிற்பதையும் தூக்குவதையும் விட்டால் எனக்கு வேறு என்ன தொழில் தெரியும்?

முதல் மாதம் முடிந்த அன்று கடைக் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர், என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார். கையில் மண்ணிறக் கவர். உள்ளே முழுச் சம்பளம்.

"ஹாஜியார் தந்துவிட்டார். யோசிக்க வேணாமாம், நல்லாப் படுத்துச் சுகமாகட்டுமாம்."

"சம்பளப் புத்தகம் எங்க? கையெழுத்து வெக்க வேணாமா?" என்று கேட்டேன். மாதாமாதம் அதில் கையெழுத்து வைத்துத்தான் சம்பளம் எடுப்போம்.

"படுத்துக் கிடக்கிற ஆளுக்கிட்டப் புத்தகத்த நீட்டுறதா? சும்மா இரிங்க காக்கா."

அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கணக்கப்பிள்ளை போன பிறகு என் மனைவி அழுதாள். அன்றிலிருந்து ஐந்து வேளைத் தொழுகையிலும் முதலாளிக்குத் துஆச் செய்தாள். எனக்காக அவள் அவ்வளவு துஆக் கேட்டிருப்பாளோ தெரியாது.

இரண்டாம் மாதமும் முழுச் சம்பளம் வந்தது. மூன்றாம் மாதம் பாதி. நான்காம் மாதம் கணக்கப்பிள்ளையும் வரவில்லை, கவரும் வரவில்லை. ஒரு கிழமை பொறுத்துவிட்டுப் போன் எடுத்தேன்.

"காக்கா, குறை நினைக்காதீங்க. நீங்க ஆத்தங்கரையில நடக்கிறயளாம் எண்டு ஆரோ ஹாஜியாருக்கிட்டச் சொல்லிரிக்காங்க. நடக்கேலுமெண்டா கடைக்கு வரேலாதா எண்டு கேக்கிறார்."

நடக்கச் சொன்னது டொக்டர். அந்தியில், ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியின் கரையோரமாகச் சுவரையும் வேலியையும் பிடித்துப் பிடித்து நடப்பேன். நூறடி நடந்தால் பத்து நிமிடம் குந்துவேன். அதை எந்தப் புண்ணியவான் பார்த்துப் போய்ச் சொன்னானோ, அவன் நான் குந்தியதைப் பார்க்கவில்லை.

அடுத்த நாளே ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனேன். முதலாளி எழுந்து வந்து கையைப் பிடித்தார், பிளேன்டி வரவழைத்தார். ஸ்டூல் ஒன்று போட்டுத் தந்தால் இருந்தபடி பில் எழுதுகிறேன், பாதிச் சம்பளம் போதும் என்றேன்.

"இரிந்து செய்யுற வேல நம்மட கடையில இல்லயே தம்பி. சுகமாகிட்டு வா. அல்லாஹ் லேசாக்குவான்."

அல்லாஹ் லேசாக்குவான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. முதலாளி என்ன செய்வார் என்றுதான் நான் கேட்கப் போனேன்.

பிறகு வீட்டிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. மனைவியின் காப்பு முதலில், அதற்குப் பின் என் மோட்டார் சைக்கிள். கட்டாரில் இருக்கும் மச்சான் ஒருதரம் காசு அனுப்பினார், இரண்டாம் தரம் கேட்க வாய் வரவில்லை. மகளின் ரியூசனை நிறுத்தினோம். மாட்டிறைச்சி வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றாகி, பிறகு வெள்ளிக்கிழமையும் பருப்புத்தான். கடைசியில் மிஞ்சியது வீட்டின் உறுதிப் பத்திரம். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குரியது. என் மாமனார் மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டில்தான் நான் குடியிருக்கிறேன். வட்டியில்லாமல் கடன் தருகிற இடங்களுக்கெல்லாம் போய்ப் பார்த்தேன். வேலை செய்யும் இடத்திலிருந்து சம்பளக் கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். உறுதியை மட்டும் வாங்கிக்கொண்டு காசு தருகிறவர்கள் ஃபினான்ஸ் கம்பனிக்காரர்கள், அது வட்டிக்கு.

"வட்டிக்கு வெக்கிறதெண்டா நான் மவுத்தானப் பொறகு வெய்யுங்க," என்றாள் மனைவி. அவள் வாப்பா உயிரோடு இருந்த காலம் முழுக்க வட்டிக் காசில் ஒரு சதம் அந்த வீட்டு வாசற்படி ஏறியதில்லை. எப்பாடுபட்டாவது அந்த உறுதியை அலுமாரிக்குள்ளேயே வைத்திருப்பது என்று நான் எனக்குள் சத்தியம் செய்துகொண்டேன். இன்னும் இரண்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டால் எழும்பி நின்றுவிடுவேன்.

அந்தச் சத்தியம்தான் என்னைப் பள்ளிவாசல் சக்காத்துக் குழுவிடம் கொண்டுபோய் விட்டது. சும்மா போகவில்லை, மூன்று நாள் வீட்டுக்குள் வெட்கத்தோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் போனேன். ஒவ்வொரு நோன்பிலும் முதலாளி, தன் சொத்தைச் சுத்தமாக்க ஏழைகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டிய சக்காத்துப் பங்கில் சாரனும் சேலையும் கொடுப்பார். கடை வாசலில் வரிசை நிற்கும். இருபத்திரண்டு வருடமும் அதை மடித்து நீட்டியவன் நான். வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் கொடுக்கப் பழகியிருந்தேன். அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நினைப்பு.

குழுவின் செயலாளர் ஓய்வுபெற்ற அதிபர். என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு ஃபைலைத் திறந்து விரலால் தேடினார்.

"தம்பி, உங்கட பேர் இஞ்ச ஏற்கனவே இரிக்கே."

"நான் இண்டைக்குத்தானே வாறன்?"

"உங்கட ஹாஜியார் நேரடியாக் குடுத்த ஆக்கள்ர பட்டியல் இது. ஒராளுக்கு ரெண்டு தரம் போகக்கூடாதெண்டு எல்லா முதலாளிமாரும் எங்களுக்குத் தாறவங்க. உங்களுக்கு ரெண்டரை மாசச் சம்பளத்தளவு குடுத்திரிக்கார். பெரிய தொகை, மாஷா அல்லாஹ். இந்த வருசம் இனி எங்களால ஏலாது தம்பி."

ஃபைலை என் பக்கம் திருப்பினார். முதலாவது பெயர் ஒரு விதவை. இரண்டாவது, கண் தெரியாத ஒரு மனிதர். மூன்றாவது நான். சம்பளப் புத்தகம் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

யா அல்லாஹ், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்! 'தம்பி, கடையால முடியாது, சக்காத்தா எடுத்துக்க' என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், வாங்குவதா இல்லையா என்று நான் முடிவு செய்திருப்பேன். ஒருவேளை வாங்கியும் இருப்பேன். ஆனால் சம்பளம் என்று நினைத்துத் தலை நிமிர்ந்து வாங்கினேன். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கூட இருந்தே குழி பறித்தது போலத்தான் எனக்கு இருந்தது.

அஸர் தொழுகை முடிந்து நேரே கடைக்குப் போனேன். கணக்கப்பிள்ளையும் இரண்டு வாடிக்கைப் பெண்களும் நின்றார்கள். நான் சத்தம் போட்டேன், மறைக்கவில்லை.

"ஹாஜியார், நீங்க வீட்டுக்கு அனுப்பினது சம்பளமா, சக்காத்தா?"

அவர் தடுமாறவே இல்லை. "நல்லதுதானே செஞ்சிரிக்கன் தம்பி. நிய்யத்து எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில உள்ளது. வாங்குறவருக்குச் சொல்லோணும் எண்டில்லயே."

நிய்யத்து என்றால் ஒரு வணக்கத்தைச் செய்யும்போது மனதுக்குள் வைக்கிற எண்ணம். தொழுகையோ நோன்போ சக்காத்தோ, அது இல்லாமல் நிறைவேறாது. வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை என்பதும் உண்மை. மார்க்கம் எனக்கும் கொஞ்சம் தெரியும்.

"கூலிக்குப் பதிலாச் சக்காத்துக் குடுக்கேலாதெண்டும் இரிக்கி ஹாஜியார். அது சக்காத்தெண்டா என்ட சம்பளம் இன்னும் வரல்ல. சம்பளமெண்டா உங்கட சக்காத்து இன்னும் நிறைவேறல்ல. ரெண்டுல ஒண்டச் சொல்லுங்க."

கணக்கப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் துணியை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். முதலாளி மேசையில் இருந்த அளவுகோலை எடுத்து, திரும்ப வைத்தார்.

"வேல செய்யாத மாசத்துக்கு என்ன சம்பளம்? நீ என்ட வேலையாள் எண்டு எங்க எழுதி இரிக்கி? நான் உன்ன அப்பிடி வெச்சிருந்தனா? நீ நம்மட ஊட்டுப் புள்ள."

அதே சொல். அதே குரலில், அதே அன்போடு சொன்னார். என்னிடம் நியமனக் கடிதம் இல்லை. ஊழியர் சேமலாப நிதியில் என் பெயருக்கு ஒரு சதம் இல்லை. வீட்டுப் பிள்ளைக்கு எதற்குக் கடிதம்? நானும் ஒருநாள் கேட்டதில்லை, கேட்டால் அவர் மனம் நோகும் என்று. நம்ப நட, நம்பி நடவாதே என்று சும்மாவா சொன்னார்கள். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். கூட வேலை செய்த ஒருவரையாவது சாட்சிக்குக் கூட்டிவரச் சொன்னார்கள். கணக்கப்பிள்ளை இப்போது என் போனை எடுப்பதில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது, அவரும் ஊட்டுப் புள்ளதான்.

அடுத்த மாதம் உறுதியை எடுத்துக்கொண்டு ஃபினான்ஸ் கம்பனிக்குப் போனோம். நான் வேலையாளே இல்லை என்று முதலாளி சொன்னதை மனைவியிடம் ஏற்கனவே சொல்லியிருந்தேன். முதலாளியின் சொத்து அந்த வருடமும் சுத்தமாகிவிட்டது. என் வீட்டுக்குள் வட்டி வந்தது. இதை நினைக்கும்போது, பொறுமையாக இரு என்று ஆர் சொன்னாலும் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வீடு அவள் பெயரில் இருந்ததால் அவள்தான் மேசைக்கு முன்னால் இருந்தாள். படிவம் நிரப்பிய பெண்பிள்ளை நிமிராமல் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம்.

"உங்கட கணவர் என்ன தொழில்?"

என் மனைவி வாழ்நாளில் வெளியாட்கள் முன்னால் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"எழுதுங்க தங்கச்சி. இருவத்திரண்டு வருசமாச் சக்காத்து வாங்கினவர் எண்டு எழுதுங்க."

அந்தப் பிள்ளை பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மனைவி என்னைப் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த உறுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புடவைக் கடை எண்டு போடுங்க," என்றேன்.