தூசி என்று துடைத்த கடலை

செஞ்சியில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் கதவு வைத்த அலமாரி கிடையாது. சுவரில் பதித்த கடப்பா கல் தட்டுகள்தான். எல்லாம் கண்ணெதிரே இருக்கும், எடுக்கச் சுலபம் என்று நான்தான் அப்படிக் கட்டச் சொன்னேன். ரோட்டுப் புழுதி மட்டும் ஓயாமல் படியும்.

போன விதைப்பின்போது மருந்துத் தூள் கலந்த விதைக்கடலை கொஞ்சம் மீந்தது. ஆடு வாய் வைக்காமல் இருக்கட்டும் என்று கிண்ணத்தில் போட்டு மேல்தட்டில் வைத்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நிலத்துக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் கிண்ணம் காலி. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளிடம் கேட்டேன்.

"நான்தான் துன்னேன் நைனா. தூசியா இருந்துச்சி, தொடச்சிட்டுதான் துன்னேன்."

மருந்துப் பாக்கெட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு அவளை வண்டியில் ஏற்றினேன். "தூங்கிடாதம்மா" என்று வழியெல்லாம் கெஞ்சினேன்.

"இன்னா நைனா, அழுவுறியா?" என்றாள். அதற்குள் அவள் குரல் குழறியது.

நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் நான். அன்று ஆஸ்பத்திரியில் வரிசையைத் தள்ளிக்கொண்டு போய், "என் பொண்ணு விதை மருந்தைத் துன்னுட்டா, காப்பாத்துங்க" என்று கத்தினேன். டாக்டர் பாக்கெட்டை வாங்கிப் படித்துவிட்டு உடனே உள்ளே கொண்டுபோனார். சேதி கேட்டு ஓடி வந்த என் மனைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. விடிந்ததும் மகள் கண்ணைத் திறந்து இட்லி கேட்டாள்.

சமையலறைத் தட்டில் இருப்பதெல்லாம் தின்பதற்குத்தான் என்று அவள் நம்பியதில் தப்பில்லை. இப்போது விதையும் மருந்தும் மாட்டுக்கொட்டகையில், பூட்டிய தகரப்பெட்டியில் இருக்கின்றன. சாவியை என் அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறேன். குளிக்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை.