பின்னால் எடுக்காத வெரேனா

எங்கள் ஹால்டனுக்கு ஏறும் மலைச்சாலையில் எதிரே யார் வந்தாலும் தபால் பேருந்துக்குத்தான் வழி. மற்றவர்கள்தான் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டும். வெரேனா ஹெஃப்டி அந்தச் சட்டத்தைத் தன் பாட்டன் சொத்து மாதிரி வைத்திருந்தாள். எதிரே கல்யாண வண்டி வந்தாலும் சரி, பாதிரியார் வந்தாலும் சரி, வளைவில் ஒலிப்பானை ஒரு முறை அடிப்பாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் சூரிச்சிலிருந்து வந்த கார்க்காரர் ஒருவர் இறங்கி வந்து கெஞ்சினார்.

"ஒரே ஒரு தடவை நீங்க பின்னால எடுத்தா என்னம்மா?"

"எனக்கு அந்த கியர் எங்க இருக்குன்னே மறந்துபோச்சு சார். உங்க வண்டி புதுசு, நீங்க எடுங்க."

அவர் எடுத்தார். கதவில் ஒரு நீளக் கீறலோடு எடுத்தார். பேருந்தில் இருந்த நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் சிரித்தோம்.

நான் மெல்க். கீழ் ஹால்டனில் மாடு வைத்திருப்பவன். இருபது வருடமாக அவள் பேருந்தில் போய்வந்து, அவள் வாயிலும் விழுந்து எழுந்தவன். ஆகவே இதைப் புகழ்ச்சி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வெரேனா பிறந்தது மேல் ஹால்டனில். மேலே நான்கே வீடு, கீழே பதினெட்டு. மேல் ஹால்டன் உட்கார்ந்திருப்பதே எந்தக் காலத்திலோ மலை சரிந்து கொட்டிய மண்மேட்டின் மேல்தான். அது எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதில்லை. கிளாருஸ் நாட்டில் மலைக்குப் பயந்தால் நிற்க இடம் ஏது?

அவள் சிறுமியாக இருந்தபோது, மே மாத முதல் ஞாயிறு, எல்லா ஊர்க்காரர்களும் திறந்தவெளியில் கூடி ஓட்டுப் போடும் நாட்டுச் சபைக்கு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போவாள். பிள்ளைகளுக்கு மேடையடியில் இடம் உண்டு. அம்மாவுக்கு, ஓட்டுப் போடுகிறவர்கள் நிற்கும் வளையத்துக்கு வெளியே கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் இடம். பெண்களுக்கு ஓட்டு இல்லாத காலம் அது. பிறகு ஓட்டு வந்தது. முதல் வருடமே அவள் அம்மா கயிற்றைத் தாண்டிப் போய், அப்பா வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றுகொண்டாளாம். அப்பா நகர்ந்து நிற்க வேண்டியதாயிற்று. வெரேனாவின் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கட்டிக்கொண்ட கணவன் மரம் வெட்டப் போன இடத்தில் மரத்தோடு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அவள் பேருந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். "பொம்பளை ஓட்டுற பஸ்ஸுல ஏறணுமா?" என்று முனகிய ஆண்கள் அடுத்த பனிக்காலத்தில் வாயை மூடிக்கொண்டு ஏறினார்கள். வேறு யாரும் அந்தப் பனியில் ஓட்ட முன்வரவில்லை.

அப்படி இருந்த இடத்தில்தான் அந்த வசந்தம் வந்தது. தெற்கேயிருந்து சூட்டுக் காற்று ஒரு வாரம் விடாமல் அடித்தது. உச்சியில் பனி மளமளவென்று உருகியது. அதன் மேல் மழை. ஓடை கல்லையும் சேற்றையும் அள்ளிக்கொண்டு வந்து சாலையை இரண்டு இடத்தில் தின்றுவிட்டது. சரளை கொட்டித் தற்காலிகமாக ஒரு தடம் போட்டுக் கொடுத்த அரசு, அடுத்த சபைக்கு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. ஹால்டன் சாலையை இனிக் கட்டுவதில்லை. ஹால்டன்காரர்கள் பள்ளத்தாக்கில் குடியேறட்டும். அவ்வளவுதான், ஊரையே நான்கு வரியில் முடித்துவிட்டார்கள்.

எங்களுக்கு வயிறு எரிந்தது. சபையில் பேச வெரேனாதான் என்று முடிவாயிற்று. "சாலை முழுக்க வேணும், கடைசி வீடு வரைக்கும் வேணும்." இதுதான் கோரிக்கை. அவள் சொன்னாள், நாங்கள் தலையாட்டினோம்.

சபைக்கு முந்தின வாரம் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். ரொட்டியில் எங்கள் ஊர் மூலிகை போட்ட பச்சைச் சீஸ் தடவிக் கொடுத்திருந்தாள். அப்போது பால்ட்ஸ் வந்தான். அவள் கணவனின் தம்பி, தச்சன். பத்து வருடத்துக்கு முன்பே மேல் ஹால்டனை விட்டுக் கீழே இறங்கியவன். ஓடிப்போனவன் என்றுதான் வெரேனா அவனைச் சொல்வாள்.

"அண்ணி, மேல இருக்கிற நாலு வீட்டையும் விட்டுடுங்க. மலை நகருது. கீழ்வீடுங்க வரைக்கும் ரோடு கேளுங்க, கிடைக்கும். எல்லாம் வேணும்னு நின்னா எல்லாமே போயிடும்."

"நாலு வீட்டுல ஒண்ணு யாரோடதுன்னு தெரியுமாடா?"

"உங்களோடதுதான். அதான் நேர்ல வந்து சொல்றேன்."

"சொல்லியாச்சுல்ல. வாசல் எந்தப் பக்கம்னு மறந்திருக்க மாட்டே, நீ ஓடின வாசல்தானே."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டான். கதவருகில் நின்று, "மலைக்கு நம்ம வீம்பு தெரியாது அண்ணி," என்றான். அவள் என்னைப் பார்த்து, "சீஸ் காயுது, தின்னு," என்றாள்.

எங்கள் சபையில் இரண்டு வழக்கம். ஓட்டை எண்ணுவதில்லை; எல்லோரும் அட்டையைத் தூக்குவோம், தலைவர் மேடையிலிருந்து கண்ணால் பார்த்து எது அதிகம் என்று சொல்வார். அதற்கு மேல் முறையீடு கிடையாது. இன்னொன்று, பேச ஏறுகிறவர் முதல் வாக்கியத்திலேயே தன் கோரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். காரணமெல்லாம் அப்புறம். அழுவதென்றாலும் கோரிக்கையைச் சொல்லிவிட்டுத்தான் அழ வேண்டும்.

அன்று வளையம் நிறைந்திருந்தது. நாங்கள் வழக்கம்போல் வடக்கு மூலையில் கும்பலாக நின்றோம். எங்களுக்கு முன்னால் வேறொரு ஊர், வெள்ளச் சுவர் கேட்டது. அதற்கு அட்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எழுந்தன. பள்ளத்தாக்குக்காரர்கள் கையைப் பையிலேயே வைத்திருந்தார்கள். வெரேனா ஏறும் முறைக்காக மேடைப் படியில் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவில் எதிர்வண்டியைப் பார்ப்பாளே, அதே பார்வை.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினாள். காற்றில் தலைமுடி பறந்தது, ஒதுக்கவில்லை.

"மதிப்புக்குரிய தலைவரே, என் நாட்டு மக்களே. கீழ் ஹால்டன் வரைக்கும் சாலையைக் கட்டணும், மேல இருக்கிற நாலு வீட்டையும் காலி பண்ணணும்னு கேட்டுக்கிறேன்."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. பக்கத்தில் யாரோ, "என்ன சொல்றா இவ?" என்றார்கள். சொன்னது சொன்னதுதான். முதல் வாக்கியத்தைத் திரும்ப விழுங்க எங்கள் சபையில் வழியில்லை.

"நாலு வீட்டுல ஒண்ணு என்னோடது. நான் அங்கதான் பிறந்தேன். மலை நகருது, அதை நான் மறைக்கப் போறதில்ல. ஆனா கீழ இருக்கிற பதினெட்டு வீடும் பாறை மேல நிக்குது. போன வசந்தத்துல எல்லாம் அடிச்சிட்டுப் போனப்போ அங்க ஒரு வேலிக்கம்புகூடச் சாயல. என் வீட்டைக் கேட்டீங்கன்னா தர்றேன். ஊரைக் கேட்காதீங்க." இறங்கிவிட்டாள். அதற்குள் முடித்துவிட்டாள்.

தலைவர் அட்டை தூக்கச் சொன்னார். எங்கள் மூலை மொத்தமாகத் தூக்கியது. எதிர்ப்பக்கம், பள்ளத்தாக்குக்காரர்களின் நடுவே, வளையத்தின் பலகைப் படிக்கட்டு உச்சியில் பால்ட்ஸ் நின்றிருந்தான். நெட்டையன். அவன் கை எழுந்தது. அவனைச் சுற்றியிருந்த தச்சர்களின் கைகள் எழுந்தன. பிறகு அந்தப் பக்கம் முழுக்க. தலைவர் உற்றுப் பார்த்தார். எதிரானவர்களைத் தூக்கச் சொன்னார், மறுபடி எங்களைத் தூக்கச் சொன்னார், பக்கத்தில் நின்ற அரசு உறுப்பினர்களிடம் குனிந்து பேசினார். என் கை வலித்தது, இறக்கவில்லை.

"ஹெஃப்டி அம்மாவின் கோரிக்கை ஏற்கப்பட்டது," என்றார்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். எனக்கு என் மாட்டுக்கொட்டில் கிடைத்தது, அவளுக்கு வீடு போனது. சாப்பாட்டு விடுதியில் வெள்ளைச் சாசேஜும் உருளைக்கிழங்கு மசியலும் வைத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன், தட்டைத் தொடவில்லை. அவள் தன் தட்டை முடித்துவிட்டு என் தட்டையும் இழுத்துக்கொண்டாள். பால்ட்ஸ் வந்து நின்றான்.

"உன் பேச்சைக் கேட்டேன்னு ஊரெல்லாம் சொல்லித் திரியாதே," என்றாள்.

"நான் சொன்னா யார் நம்பப் போறாங்க அண்ணி?"

"உக்காரு. பிளம்ஸ் இருக்கு."

கோடையில் வீட்டைக் காலி செய்தபோது நானும் பால்ட்ஸும் சாமான் சுமந்தோம். நிலவறைக் கதவைக் கழற்றும்போது பால்ட்ஸ் நின்றுவிட்டான். மேல் விளிம்பை விரலால் தடவிக் காட்டினான். இழைப்புளி போட்டுச் சீவியிருந்தது. ஒரு முறை அல்ல. பழைய சீவல் கறுத்திருக்க, அதன் மேல் புதிதாக ஒன்று. மலை நகர நகர நிலை கோணிக் கதவு இறுகியிருக்கிறது, அவள் தனியாக உட்கார்ந்து சீவிச் சீவி மூடியிருக்கிறாள். அவனைத் திட்டித் துரத்திய அந்த வாரமும் சீவியிருப்பாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. "கத்துக்குட்டி வேலை," என்றான் பால்ட்ஸ். விரலை அதிலிருந்து எடுக்கவில்லை.

இப்போது வெரேனா என் கொட்டிலுக்கு எதிர் வீட்டில் இருக்கிறாள். புதுச் சாலை என் முற்றத்தோடு முடிகிறது. பேருந்து திரும்ப இடம் போதாது. ஆகவே ஒவ்வொரு நடைக்கும் அவள் என் சாணக்குழி ஓரமாகப் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். முதல் நாள் ஊரே வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தது. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன வெரேனா, அந்த கியர் கிடைச்சிடுச்சா?"

அவள் கண்ணாடியைப் பார்த்தபடி ஒரே வீச்சில் எடுத்தாள், குழிக்கு ஒரு சாண் விட்டு நிறுத்தினாள். பிறகு ஜன்னலைத் திறந்தாள்.

"மேடையிலேயே கிடைச்சிடுச்சு மெல்க். பால் கேனை ஏத்து, நேரமாச்சு."