நாற்பத்து நாலாம் நம்பர் வீட்டு வீடியோ

காளிதாசுக்கு நயமாகப் பேச வராது. ஏசத்தான் வரும். வீடு வாங்க வந்தவனையே வாசலில் நிறுத்தி, "பேங்க்ல லோன் கெடைக்குமான்னு கேட்டுட்டு வந்தியா, இல்ல சனிக்கெழம பொழுது போகலன்னு வந்தியா?" என்பான். வயது ஐம்பத்து நாலு. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். செனாயில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருஷம் திருகாணிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் சூப்பர்வைசரைப் பிடித்து ஏசிவிட்டு வெளியே வந்து, வீடு விற்றுக் கொடுக்கிற ஏஜெண்ட் வேலையில் இறங்கினான். அதில் இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஆள் முரடு. ஆனாலும் பெர்மாஸ் ஜெயாவில் அவனுக்கு ஒரு பேர் இருந்தது. காளிதாஸ் பொய் சொல்லமாட்டான் என்ற பேர். கூரை ஒழுகினால் ஒழுகுகிறது என்பான். பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறைக்கு அனுமதி இல்லையென்றால், இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் கதவையே திறப்பான். கழுத்தில் தொங்கும் சிவப்பு அட்டை அவனுக்கு உயிர். ஏஜெண்ட் வகுப்பில் தூங்காமல் உட்கார்ந்து வாங்கிய அனுமதி அட்டை. அந்த அட்டை இல்லாமல் வீடு காட்டுகிறவன் கள்ள ஏஜெண்ட். சாப்பிடும்போதுகூட அதைக் கழற்றமாட்டான். குழம்பு படாமல் சட்டைப் பைக்குள் செருகிக்கொள்வான்.

விளம்பரம் என்றால் அவனுக்குத் தெரிந்தது மஞ்சள் பலகை ஒன்றுதான். போன் நம்பரைப் பெரிதாக எழுதி, ஏணி வைத்து விளக்குக் கம்பத்தில் கட்டுவான். நகராண்மைக் கழகத்து ஆட்கள் வந்து பிய்த்துப் போடுவார்கள். மறுநாள் போய் இன்னும் ஒரு முழம் உயரத்தில் கட்டுவான். இப்படி இருந்தவனை டிக்டாக்கில் தள்ளிவிட்டவன் சுகுமாறன்.

சுகுமாறன் ஆபீசுக்கு முதலாளி. காளிதாசைவிடப் பதினைந்து வயது சின்னவன்.

"அண்ணே, நாலு மாசமா ஒங்க கையில ஒரு வீடுகூட போகல. கம்பத்துல நம்பர் பார்த்து இப்ப யாரு போன் பண்றா? வாரத்துக்கு ஒரு வீடியோ போடுங்க. முடியாதுன்னா மேசைய காலி பண்ணிடுங்க."

"நான் என்னா கூத்தாடியா? வீட்டு முன்னுக்கு நின்னு ஆடணுமா?"

"ஆட வேணாம்ணே. சிரிச்சா போதும்."

"அதுக்கு ஆடிடலாம்."

தெப்ராவில் ஒரு மாடி வீட்டின் முன்னால் நின்று பதினாறு தடவை சிரித்துப் பார்த்தான். பதினாறிலும் பல்வலிக்காரன் மாதிரி இருந்தது. பதினேழாவது தடவை எடுத்துக்கொண்டிருக்கும்போது, போன வாரம் அந்த வீட்டைப் பார்த்துப் போன ஒருவன் காரில் வந்து இறங்கி, விலையில் பாதிதான் தருவேன் என்றான். காளிதாஸ் போன் ஓடிக்கொண்டிருப்பதை மறந்தான். "பாதி வெலைக்கி பாதி வீடுதான் கெடைக்கும். படியில இருந்து அந்தப் பக்கம் ஒனக்கு, எடுத்துக்கிறியா? கக்கூசு இந்தப் பக்கம் வருது, பரவால்லையா?" என்று பிடித்துக்கொண்டான். வெட்டி ஒட்டத் தெரியாததால் அதை அப்படியே போட்டுவிட்டான். மறுநாள் காலைக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அந்த வாரமே வேறொருவன் வந்து முழு விலைக்கு அந்த வீட்டை எடுத்தான்.

அப்புறம் அவனைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. வட்டமாக வெளிச்சம் அடிக்கிற விளக்கு வாங்கினான், போனை மாட்டக் குச்சி வாங்கினான். வாங்குகிறவனை ஏசினான், விற்கிறவனை ஏசினான், கட்டியவனை ஏசினான். 'ஏசுற அங்கிள்' என்று பேர் விழுந்தது. கோப்பிக் கடையில் தெரியாத பையன்கள் வந்து, "அங்கிள், எங்கள ஒரு தடவ ஏசுங்க லா" என்று போனை நீட்டினார்கள். இதெல்லாம் வெட்டி வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே, கீழே எழுதுகிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுதினான். பதிலும் ஏச்சுதான்.

நாற்பத்து நாலாம் நம்பர் வீடு அந்தோணியம்மாளுடையது. அரசாங்க கிளினிக்கில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மிஸ்ஸி என்றால்தான் அந்தத் தாமான் குடியிருப்பில் தெரியும். மகளோடு செனாய்க்குப் போய்விட்டார். வீடு ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. பத்து ஏஜெண்டுகள் கேட்டும் கொடுக்காமல், "பொய் சொல்லாதவன் நீதான்" என்று காளிதாஸ் ஒருவனிடம் மட்டும் சாவியைக் கொடுத்திருந்தார்.

காலி வீட்டுச் சாவியை இந்தத் தொழிலில் யாரும் கையில் வைத்துக்கொண்டு அலைவதில்லை. கேட் கம்பியில் உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி ஒன்றை மாட்டி அதற்குள் போட்டுவிடுவார்கள். நாலு எண்களைச் சரியாகத் திருப்பினால் திறக்கும். வேறு ஏஜெண்ட் ஆள் கூட்டி வந்தால் போனில் எண்ணைச் சொன்னால் போதும். அவன் போனதும் எண்ணை மாற்றிவிட வேண்டும், அதுதான் வழக்கம். காளிதாஸ் மாற்றமாட்டான். புது எண் அவனுக்கே மறந்துபோகும்.

அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வீட்டு எண்ணைப் பார்த்தே முகம் சுளித்தார்கள். நாலு என்றால் சீனர்களுக்குச் சாவைச் சொல்கிற எண். அதைச் சாக்கு வைத்து மற்றவர்களும் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். ஆறாவது ஆளும் போன பிறகு காளிதாஸ் கேட் முன்னால் நின்று போனை நீட்டினான்.

"வீட்டு நம்பர் நாப்பத்தி நாலு. அதுக்கு ஆறு பேரு பயந்து ஓடிட்டானுங்க. டேய், என் சாவிப் பெட்டி நம்பரே நாலு நாலு நாலு நாலுடா! ரெண்டு மாசமா திருப்புறேன். செத்தா போயிட்டேன்?"

சொல்லிவிட்டுப் போனுக்கு முன்னாலேயே திருப்பிக் காட்டினான். பெட்டி திறந்தது. சாவியை எடுத்து ஆட்டினான்.

மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். சுகுமாறன்கூட இதயம் போட்டான். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

வீடியோ போட்ட மூன்றாம் வாரம், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தோணியம்மாள் போன் செய்தார். வீட்டைக் கூட்டிப் பெருக்க வந்திருந்தார்.

"காளிதாஸ், என் வீட்ட வித்துட்டியா?"

"இல்லியே மிஸ்ஸி."

"அப்போ என் ஹால்ல யாரு வாஷிங் மெஷின் எறக்கறா?"

காளிதாஸ் போய்ச் சேர்ந்தபோது கேட் முன்னால் லாரி நின்றது. லாரிக்காரன் சிரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தான். மெத்தை பாதி உள்ளே, பாதி வெளியே. முப்பது வயது ஆள் ஒருவன் மெத்தையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேர் செல்வா; தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். பக்கத்தில் அவன் மனைவி ஷர்மினி. அந்தோணியம்மாள் துடைப்பத்தை வாசலுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தார்.

"யாருடா நீங்க? எறக்குன சாமான ஏத்து!" என்றான் காளிதாஸ்.

"ஏத்தறதுக்கா வந்தோம்? மூணு மாசக் காசு கட்டியாச்சு. சாவி எங்க கையில இருக்கு," என்றான் செல்வா.

ஷர்மினி காளிதாசையே பார்த்தாள். "இவருதாங்க. அந்த ஏசுற அங்கிள். ஆலனோட பார்ட்னர்."

"எந்த ஆலன்?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆலன் என்று ஒருவன் இந்த வீட்டைச் சேவாவுக்கு, அதாவது வாடகைக்கு, விடுவதாக ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறான். வந்து பார்க்கச் சொல்லி, இவர்கள் கண் முன்னாலேயே நாலு நாலு நாலு நாலு என்று திருப்பிச் சாவியை எடுத்திருக்கிறான். காசு வாங்கிக்கொண்டு அந்தச் சாவியையே கொடுத்துவிட்டான். நேற்றிலிருந்து அவன் போன் அடிக்கவில்லை.

"சிவப்பு அட்ட எங்கன்னு கேட்டேன் அங்கிள்," என்றாள் ஷர்மினி. "ஒங்க வீடியோவத்தான் காட்டினான். இவரு வீடியோ எடுப்பாரு, நான் சேவா விடுவேன், ஒரே கம்பெனின்னான். ஒங்க மூஞ்சிய பார்த்துத்தான் காச போட்டோம்."

காளிதாஸ் கேட்டில் தொங்கிய தன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். ஆனால் வாயில் வந்தது வழக்கமானதுதான். "மூஞ்சிய பார்த்து காசு போடுவியா? படிச்ச பிள்ளதானே நீ?"

"ஊருக்கே நம்பர சொன்னது யாரு? நானா?" ஷர்மினி ஒரு அடி முன்னால் வந்தாள். "நீங்க நம்பர சொல்றீங்க, அவன் தொறக்கிறான். நல்லா இருக்கு ஒங்க யாவாரம். ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க!"

லாரிக்காரன் சிரிப்பதை நிறுத்தினான். அந்தோணியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் கிளினிக்ல மருந்துப் பீரோ சாவிய இடுப்புல செருகியிருந்தேன்," என்றார். "ஒருத்தர் கையிலயும் குடுத்ததில்ல. ஒன்கிட்ட போயி என் வீட்டுச் சாவிய குடுத்தேன் பாரு."

காளிதாஸ் தெருமுனைக்கு நடந்துபோய் சுகுமாறனுக்குப் போன் செய்தான். சுகுமாறன் கடைசிவரை கேட்கவே இல்லை.

"அலமாக்! மொதல்ல அந்த வீடியோவ அழிங்கண்ணே. அவங்ககிட்ட லிங்க் மட்டும்தான் இருக்கும். அழிச்சிட்டா நம்பர் எப்படி வெளிய போச்சுன்னு எவனுக்கும் தெரியாது. எவனோ பெட்டிய நெம்பித் தொறந்துட்டான்னு சொல்லுங்க. ஏஜெண்ட் வாரியத்துக்கு அது போச்சுன்னா ஒங்க சிவப்பு அட்ட காலி."

"அந்தப் பிள்ளைங்க?"

"அவங்க காசு போனா போனதுதான். ஒங்க பொழப்ப பாருங்க."

காளிதாஸ் வீடியோவைத் திறந்தான். அழிக்கவா என்று போன் கேட்டது. கட்டைவிரல் ஒரு நூல் தூரத்தில் நின்றது. அட்டை போனால் என்ன வேலை தெரியும் அவனுக்கு? ஐம்பத்து நாலு வயதில் செனாய்க்குப் போய் மறுபடியும் திருகாணி அடைப்பதா? ஆனால் இது அழிந்தால் அந்த இரண்டு பேரும் எப்படி ஏமாந்தார்கள் என்று யாரிடமும் காட்ட முடியாது. சாவியை வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்தவர்கள் என்றுதான் எழுதுவார்கள்.

அதுகூட அவனை அவ்வளவாக உறுத்தவில்லை. உறுத்தியது அந்தப் பெண் சொன்ன வார்த்தை. மடையன் என்றிருந்தால் திருப்பி ஏசிவிட்டுப் போயிருப்பான். களவாணி என்றுவிட்டாள். இப்போது அழித்தால் அவள் சொன்னது மெய்யாகிவிடும்.

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்து தன் கார்க் கதவைத் திறந்தான். "காடியில ஏறுங்க ரெண்டு பேரும்."

"எங்க?" என்றான் செல்வா.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு. ரிப்போட் எழுத வேணாமா? இங்க நின்னு மெத்தைய கட்டிப் புடிச்சிட்டு இருந்தா காசு வந்துருமா?"

ஷர்மினி அசையவில்லை. "நீங்க எதுக்கு வர்றீங்க?"

"நம்பர சொன்னவன் வராம வேற எவன் வருவான்? ஏறு! வழியில எங்கிட்ட பேசாத."

ஸ்டேஷனில் ரிப்போட் எழுதிய மலாய்க்காரக் கான்ஸ்டபிள் காளிதாசைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நீங்க அந்த ஏசுற அங்கிள்தானே? என் மாமியாருக்கு உங்க வீடியோன்னா உசிரு" என்று மலாயில் கேட்டான். காளிதாஸ் போனை மேசைமேல் வைத்து வீடியோவை ஓடவிட்டான். அவன் குரலே அவனைப் பார்த்துக் கத்தியது. நாலு நாலு நாலு நாலுடா. கான்ஸ்டபிளுக்குத் தமிழ் புரியவில்லை. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான். காளிதாஸ் மலாயில் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். அதைத் தட்டச்சு செய்ய கான்ஸ்டபிள் இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னான். பிறகு பெட்டி திறக்கிற இடம் மட்டும் மூன்றாவது தடவை. சிரித்துக்கொண்டிருந்த அந்த முகத்தில் சிரிப்பு மெல்லப் போய்விட்டதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"எண்ணை ஏன் மாற்றவில்லை?"

"சோம்பேறித்தனம். அப்படியே எழுது," என்றான் காளிதாஸ்.

வெளியே வந்ததும் செல்வா, "தேங்க்ஸ் அங்கிள்" என்றான்.

"தேங்க்ஸ வெச்சிக்கிட்டு என்னா செய்றது? அடுத்த வாட்டி அட்டைய கேளு. அட்டைய காட்டலன்னா செருப்ப காட்டு."

ஷர்மினி தேங்க்ஸ் சொல்லவில்லை. களவாணி என்ற வார்த்தையை அவள் மறுபடியும் சொல்லவில்லை, அவ்வளவுதான். லாரிக்காரன் அவர்களை ஷர்மினியின் அண்ணன் வீட்டுக்கு ஏற்றிப் போனான். அங்கே இடம் போதவில்லை. வாஷிங் மெஷினைப் போர்ட்டிகோவில் ஒரு வாரம் வைத்துக்கொள்ள அந்தோணியம்மாள் விட்டார். அதற்குள் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவேன் என்றும் சொன்னார். வீட்டை வேறு ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டார். காளிதாஸ் தன் பெட்டியைக் கேட்டிலிருந்து கழற்றுவதைக் கைகட்டி நின்று பார்த்தார். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சுகுமாறன் மேசையைக் காலி செய்யச் சொன்னான். விசாரணை முடிகிறவரை அட்டையும் ஆபீசில் இருக்கட்டும் என்றான். காளிதாஸ் அதைக் கழுத்திலிருந்து கழற்றி, ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் கறையை நகத்தால் சுரண்டிவிட்டு வைத்தான். "நெம்பித் தொறந்தான்னு நானே எழுதியிருந்தா மட்டும் எனக்கு மால போட்டிருப்பியா?" என்று கேட்டான். சுகுமாறன் அட்டையை எடுத்து இழுப்பறைக்குள் போட்டான்.

ஆலன் இன்னும் அகப்படவில்லை. கேஸ் முடிகிறவரை வீடியோவை அழிக்கக்கூடாது என்று போலீஸ் சொல்லியிருக்கிறது. அதனால் அது அப்படியே கிடக்கிறது. விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. தினமும் புதுப்புது ஆட்கள் வந்து எழுதுகிறார்கள். மடையன் அங்கிள் என்கிறார்கள். நாலு உன்னைக் கொன்றுவிட்டது பார் என்கிறார்கள். காலையில் கோப்பியைக் குடித்துக்கொண்டே காளிதாஸ் ஒவ்வொன்றாகப் படிக்கிறான். ஒருவரையும் விடாமல் பதில் எழுதுகிறான்.

நேற்று ஒருவன் கேட்டிருந்தான்: 'அங்கிள், இப்போ பூட்டு நம்பர் என்னா?'

காளிதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரே விரலால் தட்டினான்.

'என்கிட்ட பூட்டும் இல்ல, வீடும் இல்ல. நீ போயி ஒன் வீட்டு நம்பர மாத்துடா மொதல்ல.'